செவிலியர் வேலையில் மகள் நிலைக்கவில்லை என்று கேட்ட தந்தைக்கு

ஐயா, பள்ளத்தூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் மூன்று தனியார் மருத்துவமனைகளை விட்டுவிட்டாள். இப்போது காரைக்குடியில் பார்க்கும் வேலையையும் இந்த மாதத்தோடு விடப்போவதாகச் சொல்கிறாள். கல்விக் கடன் இன்னும் அடையவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் “ஓரிடத்தில் நிலைக்காத பிள்ளை” என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். குறை அவளிடமா, வேலையிலா என்பது உங்கள் கேள்வி. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும் பின்னர் கண்காணிப்பாளராகவும் இருந்தவள், ஓய்வுக்குப் பிறகு இந்தப் பக்கத்து நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிறு ஊர்களின் தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, நான்கு ஆண்டில் மூன்று இடம் மாறுவது வழக்கத்துக்கு மாறான செய்தி அன்று. என்னிடம் படித்தவர்களில், முதலில் சேர்ந்த மருத்துவமனையிலேயே இரண்டு ஆண்டுகளை நிறைவு செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளியேறியவர்களுள் அமைதியான பெண்களும் உண்டு, துடுக்கான பெண்களும் உண்டு. வீட்டில் வசதி உள்ளவர்களும், சம்பளத்தை நம்பியே தம்பியைப் படிக்கவைத்தவர்களும் உண்டு. இப்படிப் பலவிதமான பிள்ளைகள் ஒரே மாதிரி வெளியேறும்போது, அவரவர் குணத்தில் காரணம் தேடுவது சரியாக இராது. அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்த வேலை ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும் விதம்தான்.

செவிலியர் வேலையில் பெண்களை ஒடிப்பது எது என்று கேட்டால், வெளியில் இருப்பவர்கள் இரவுப் பணி, ரத்தம், மரணம் என்பார்கள். அவை எல்லாம் இருக்கும் என்று தெரிந்தேதான் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். நான் கண்டவரையில், செய்த வேலையின் களைப்பைக் காட்டிலும், செய்ய வேண்டியிருந்தும் செய்ய முடியாமல் விட்ட வேலையின் உறுத்தலே அவர்களை அதிகம் அரிக்கிறது. களைப்பு ஒரு நாள் தூங்கினால் தீரும். இது தூக்கத்தோடு வந்து படுத்துக்கொள்ளும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி அங்கே இரவுப் பணியில் இருந்தாள். 28 படுக்கைகள் கொண்ட வார்டு. உடன் இருக்க வேண்டிய சிஸ்டரை ஐ.சி.யூ.வுக்கு இழுத்துக்கொண்டதால், அவளும் ஓர் ஆயாம்மாவும் மட்டும். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு மூதாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; கேஸ் ஷீட்டில் 12, 2, 4, 6 என்று கட்டம் போட்டிருந்தது. 4 மணிக்கு ஒருவருக்கு டிரிப்ஸ் முடிந்து குழாயில் ரத்தம் ஏறிவிட்டது, இன்னொருவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக்கொண்டிருந்தது, மூன்றாம் படுக்கைக்காரரின் மகன் மருத்துவரை உடனே கூப்பிடச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் அடங்கியபோது மணி ஐந்தே முக்கால். அவள் 4 மணிக் கட்டத்தில் டிக் போட்டாள், புரட்டாமலே. மூன்று நாள் கழித்து அந்த மூதாட்டியின் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து உரியத் தொடங்கியது. ஒரே ஒரு முறை புரட்டாததால் படுக்கைப் புண் வருவதில்லை; மற்ற இரவுகளிலும் மற்றவர்கள் அதே கட்டத்தை அப்படியே நிரப்பியிருப்பார்கள். ஆனால் அவள் அப்படி நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “யாரும் திட்டலை மேடம், திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை” என்று சொல்லி அழுதாள். இரண்டு வாரத்தில் வேலையை விட்டாள். வீட்டில் அவள் சொன்ன காரணம், “பஸ் சரியில்லை, தூரம்.”

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் மகள் உங்களிடம் சொன்ன காரணங்களும் இதைப் போன்றவையாக இருக்கக்கூடும் என்பதுதான். தூரம், சாப்பாடு, ஹாஸ்டல் என்று பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்வது பொய் அன்று. உண்மையான காரணத்தைச் சொன்னால் தாம் கெட்ட செவிலியர் என்று ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடுமே என்ற அச்சத்தால் சொல்வது.

இது என் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு லிண்டா ஐகென் என்ற செவிலியப் பேராசிரியர் நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதையும், அந்தச் செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுவதையும், வேலையில் அதிருப்தி 15 சதவீதம் கூடுவதையும் அது காட்டியது. நோயாளியின் உயிரும் செவிலியரின் மனமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை எண்களில் காட்டியதால் அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. கலிபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பை நடைமுறைப்படுத்தியது.

நம் நாட்டிலும் அளவுகோல் இல்லாமல் இல்லை. பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்பை ஈடுகட்டத் தனியாகச் சிலர் என்பது நாங்கள் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. அதை ஒரு 30 படுக்கை மருத்துவமனைக்குப் போட்டுப் பாருங்கள். எந்த நேரத்திலும் 5 செவிலியர் நிற்க வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஐந்தால் பெருக்கினால் 840. ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்தால் பதினேழரைப் பேர் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், பிரசவம், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 23 பேர். இந்த அளவுள்ள மருத்துவமனைகளில் நான் நேரில் பார்த்தது பத்துப் பேர், மிஞ்சினால் பன்னிரண்டு பேர். மீதிப் பேர் செய்ய வேண்டிய வேலை எங்கே போகிறது? ஒரு பகுதி, இருப்பவர்களின் 12 மணி நேர டியூட்டிக்குள் திணிக்கப்படுகிறது. இன்னொரு பகுதி செய்யப்படாமலே கட்டத்தில் டிக் ஆகிறது.

ஒருவர் போனதும் என்ன ஆகிறது என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக வரும் பெண் தனியாக ஒரு வார்டைப் பார்க்கும் அளவுக்குத் தேற இரண்டு மூன்று மாதங்களாவது ஆகும். அதுவரை அவள் வேலையையும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் பழைய சிஸ்டர்கள் சுமக்கிறார்கள். அதைத் தாங்காமல் அவர்களில் ஒருத்தி போகிறாள். மூன்றாம் மாதமே “நீதான் இனி சீனியர்” என்று அந்தப் புதுப் பெண்ணிடம் சாவிக்கொத்தைக் கொடுக்கிறார்கள். 22 வயதில், அவசர மருந்துப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று முழுதாகத் தெரியாத நிலையில், இரவு முழுவதற்கும் பொறுப்பேற்கும் பிள்ளையின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல், வேலையினால் வரும் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது. உடலும் மனமும் வற்றிப்போவது ஒன்று. வேலையின் மீதும் அதில் எதிர்ப்படும் மனிதர்கள் மீதும் பற்று அறுந்து கசப்பு வருவது இரண்டு. தன்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் மூன்று. உங்கள் மகளிடம் இரண்டாவதைக் கவனியுங்கள். வெறும் களைப்பில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து நோயாளிகளைப் பற்றிப் பேசும். அந்தத் தாத்தா இன்று இட்லி சாப்பிட்டார், இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது என்று சொல்லும். கசப்பு ஏறிவிட்ட பிள்ளை அவர்களைப் படுக்கை எண்ணால் குறிப்பிடும், அல்லது ஒன்றுமே சொல்லாது. அந்த நிலை வந்துவிட்டதென்றால், விடப்போகிறேன் என்று அவள் சொல்வதைத் தடுக்காதீர்கள். இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிரு என்று சொல்லி அனுப்பப்பட்ட இரண்டு பெண்கள், பின்னர் இந்தத் தொழில் பக்கமே திரும்பவில்லை. ஒருத்தி ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். நல்ல கை அவளுக்கு. எந்த மெலிந்த நரம்பிலும் ஒரே குத்தில் வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய், போட்டுவிடுவாள்.

அடுத்தது டியூட்டி லிஸ்ட். இதை நிர்வாகங்கள் சாதாரணத் தாளாக நினைக்கின்றன. செவிலியரைப் பொறுத்தவரை அவர்களுடைய முழு வாழ்க்கையும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. மாசி பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்ட பெண்ணுக்கு, அன்று ஆஃப் உண்டா என்பது முந்தின நாள் இரவு எட்டு மணி வரை தெரியாது. கொடுத்த ஆஃப் ஒரு போன் அழைப்பில் ரத்தாகும். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழலும் முறையை உடம்பு ஓரளவு ஏற்றுக்கொள்ளும். இரவு முடித்தவளை மறுநாள் மதியத்துக்கும் அதற்கடுத்த நாள் காலைக்கும் போட்டால் தூக்கம் கலைந்து எந்த உடம்பும் குலைந்துபோகும். இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை, ஒரு மாதம் முன்னதாக உட்கார்ந்து யோசிக்கும் மனம்தான் தேவை.

நம் ஊரில் இந்த விவரம் ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் செட்டிநாட்டார் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, வைத்த கடைகளில் ஏஜெண்டுகளுக்கு மூன்றாண்டுக் கணக்கு என்று தவணை இருந்தது. வேலை கடுமைதான், குடும்பம் கடலுக்கு இந்தப் பக்கம்தான். ஆனாலும் எந்த மாதம் கணக்கு முடியும், எப்போது ஊருக்கு வந்து வீட்டு உள்முற்றமான வளவில் கால் நீட்டி உட்காரலாம் என்பது போகும்போதே முடிவாகியிருந்தது. கடினத்தை மனிதர்கள் தாங்குகிறார்கள், அதற்கு ஓர் எல்லை கண்ணுக்குத் தெரிந்தால்.

சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையொட்டி அமைந்த மத்திய அரசின் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவை மாநில அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் பக்கத்துச் சிறு மருத்துவமனைகள் பலவற்றில் தொடக்கச் சம்பளம் அதற்கு வெகு கீழே இருக்கிறது. அரசுப் பணிக்குப் போனாலும் உடனே கரை சேர்வதில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015-இல் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியாற்றி, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை தலைமை அலுவலகங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணி நீட்டிப்பு இல்லாமல் போயிற்று. வெளிநாட்டுக்குப் போக ஆங்கிலத் தேர்வு எழுதும் பெண்களைக் குறை சொல்பவர்கள் இவற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் சம்பளம் மட்டும் காரணமாக இருந்தால் விளங்காத ஒன்று நம் பகுதியில் நடக்கிறது. பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீடுகளில் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வார்டு அனுபவம் உள்ள செவிலியர்களை வீட்டோடு வைத்துக்கொள்கிறார்கள். என் மாணவி ஒருத்தியைக் கானாடுகாத்தானில் அப்படி ஒரு வீட்டில் பார்த்தேன். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை எத்தனையோ அறைகள் பூட்டிக் கிடக்க, வளவின் ஓரத்தில் ஓர் அறையில் ஆச்சியின் கட்டிலும் இவளுடைய பாயும். மருத்துவமனையில் வாங்கியதைவிடச் சம்பளம் சிறிதுதான் கூடுதல், பி.எஃப். இல்லை, பதவி உயர்வு இல்லை, கற்றதில் பாதிக்கு அங்கே வேலையே இல்லை. “ஒரே ஆச்சி மேடம். அவங்களைக் குளிப்பாட்டித் தலை துவட்டி, மாத்திரை கொடுத்து, அவங்க சாப்பிட்ட பிறகு நானும் சாப்பிடுறேன். தொடங்கினதை முடிக்கிறேன்” என்றாள். அந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு உறைத்தது. நான்கு ஆண்டுப் படிப்பின் திறமையை ஒதுக்கிவைத்தாவது, தொடங்கியதை முடிக்கும் நிம்மதியை அந்தப் பெண் தேடிக்கொண்டாள்.

நோயாளியின் உறவினர்கள் அடிக்க வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதைத் தடுக்க 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்க நிர்வாகம் துணை நின்றால்தான் அது உயிர்பெறும். எல்லோர் முன்னிலையிலும் செவிலியரை ஏகவசனத்தில் பேசும் மருத்துவர் விஷயத்தில் எந்தச் சட்டமும் உதவாது, மூத்த சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் நின்றால் உதவும். அப்படிப்பட்ட மூத்தவர்கள்தான் முதலில் போய்விடுகிறார்கள் என்பது இந்த ஊர் மருத்துவமனைகளின் பெரிய இழப்பு.

மருத்துவமனை நடத்துபவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லவில்லை. ஊரிலேயே பிறந்து வளர்ந்து, கடன் வாங்கி 30 படுக்கை போட்டு நடத்தும் மருத்துவர்களை எனக்குத் தெரியும். 23 பேருக்குச் சம்பளம் கொடுத்தால் அவர்களால் கதவு திறக்க முடியாது. அவர்களிடம் நான் சொல்வது, ஆள் கூட்ட முடியாவிட்டால் படுக்கையைக் குறையுங்கள், அதுவும் முடியாவிட்டால் மருந்துக் கணக்கு, பில், டிஸ்சார்ஜ் எழுத்து ஆகியவற்றையாவது செவிலியரின் கையிலிருந்து எடுத்து வேறோர் ஆளிடம் கொடுங்கள் என்பதே. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதும் செவிலியர் பற்றாக்குறை வாட்டியபோதும், ஆட்களை இழக்காமல் வைத்திருந்த 41 மருத்துவமனைகளை அந்நாட்டுச் செவிலிய அகாடமி தேடிப் பார்த்து 1983-இல் அறிக்கை வெளியிட்டது. போதிய ஆட்கள், வளைந்துகொடுக்கும் டியூட்டி நேரம், வார்டு முடிவுகளில் செவிலியரின் சொல்லுக்கு மதிப்பு, மேலே ஏற வழி ஆகியவையே அங்கெல்லாம் பொதுவாக இருந்தன. நோயாளியைப் பற்றி சிஸ்டர் சொன்னதை மருத்துவர் நின்று கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இனி உங்கள் வீட்டு விஷயம். மகளிடம், “ஏன் விடுகிறாய்” என்று கேட்காதீர்கள்; “இரவில் எத்தனை பேரைப் பார்க்கிறாய், செய்ய முடியாமல் விட்டது என்ன” என்று கேளுங்கள். விடுவதென்று முடிவானால், எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து, அந்தக் காலத்தை முழுதாக வேலை பார்த்து, ரிலீவிங் கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் கையில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்; கோபத்தில் பாதியில் வந்துவிட்டால் அந்த ஓர் ஆண்டு அனுபவம் எங்கும் கணக்கில் வராது. சேரும்போது கொடுத்த அசல் சான்றிதழ்களைத் தர மறுத்தால் பயப்பட வேண்டாம். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அன்று, அதைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு வழக்கறிஞர் கடிதத்திலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

அடுத்த இடத்துக்குப் போகும்போது சம்பளத்தோடு மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: இரவில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை படுக்கை, முதல் மாதம் யாருடன் சேர்த்து டியூட்டி போடுவார்கள், சென்ற மாதத்து டியூட்டி லிஸ்டைப் பார்க்கலாமா. அந்தத் தாளில் அடித்தல் திருத்தல் எவ்வளவு என்று பார்த்தாலே அங்கே ஆஃப் நிலைக்குமா என்பது தெரிந்துவிடும். காட்ட மறுத்தால் அங்கே சேர வேண்டாம்.

பெண் பார்க்க வருகிறவர்களிடமும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவர்களில் பலரை நிறுத்தியது, இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பியதும் தொடங்கிய சமையல்தான். ஒன்பது மணிக்கு வந்து படுக்கும் மருமகளை மதியம் இரண்டு மணி வரை எழுப்பாமல் இருப்பார்களா, அவள் தூங்கக் கதவடைத்த ஓர் அறை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.